எடை குறைந்தால் தாயையே ஏன் பார்க்கிறீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளைப் பற்றி முக்கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்தது. விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு நன்றி, இதையெல்லாம் இப்போது யார் எழுதுகிறார்கள். ஆனால் நடுவே கட்டம் கட்டி 'தாய்மார்கள் செய்யும் தவறுகள்' என்று ஒரு பட்டியல் போட்டீர்களே, அதைப் படித்த எரிச்சலில்தான் இந்தக் கடிதம். சரியாகச் சாப்பிடாதது, மாத்திரையை விழுங்காதது, ஓய்வெடுக்காதது, செக்கப்புக்குத் தாமதமாக வருவது என்று எல்லாமே அவள் செய்தது அல்லது செய்யாதது. கணவர், வீட்டார், வேலை கொடுப்பவர், ஆஸ்பத்திரி என ஒருவர்கூட அந்தக் கட்டத்துக்குள் இல்லை. பிரசவ வார்டில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்தக் கட்டத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்ணிடம் நீட்டப்போகிற ஆட்களை எனக்கு நன்றாகவே தெரியும்.

கட்டுரையில் இருப்பது பொய் என்று சொல்ல வரவில்லை. இரத்த சோகை, ஊட்டக்குறைவு, தாமதமான பரிசோதனை எல்லாம் காரணங்கள்தான். ஆனால் அவற்றில் பல, அந்தப் பெண் கர்ப்பமாவதற்கு முன்பே முடிவாகிப்போனவை. மிச்சத்தில் பெரும்பகுதி அவளைச் சுற்றியிருப்பவர்கள் கையில் இருப்பவை. அதைச் சொல்லாமல் விட்டால் பட்டியல் எவ்வளவு சரியாக இருந்தும் என்ன பயன்?

எடை போடுகிற மேஜையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பிறந்த எடை 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 1,500-க்குக் கீழே மிகக் குறைவு, 1,000-க்குக் கீழே போனால் அதைவிடவும் ஆபத்து; உலகம் முழுக்க இதுதான் கணக்கு. இரண்டரை கிலோ என்ற கோட்டை முன்வைத்தவர் ஆர்வோ யுல்ப்போ என்ற பின்லாந்துக் குழந்தை மருத்துவர், 1919-ல். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எடை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் முதல் சில நாட்களில் எந்தக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். துணியை எடுத்துவிட்டு, மெஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்க வேண்டும். நடப்பதோ வேறு. அவசரத்தில் துணியோடு வைத்துவிடுவார்கள், 2,460 காட்டினால் நோட்டில் 'இரண்டரை' என்று விழும். ஏதோ ஓரிடத்துச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள், பல நாட்டுப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் சரியாக 2,500-லும் 3,000-லும் எண்கள் குவிந்து கிடப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அந்த நாற்பது கிராமில் ஒரு குழந்தை கூடுதல் கவனிப்புப் பட்டியலிலிருந்து நழுவிவிடும்.

அப்புறம், எடையைச் சத்தமாகச் சொன்னதும் ஒன்று நடக்கும். "ரெண்டு கிலோ நூறு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, கதவருகே நிற்பவர்கள் அத்தனை பேர் கண்ணும் கட்டிலில் கிடப்பவள் மேல் போய் நிற்கும். அப்போது தையல்கூடப் போட்டு முடித்திருக்க மாட்டோம். "ஒழுங்கா சாப்பிட்டிருந்தாத்தானே" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அப்படி ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன சிஸ்டர் பண்ணியிருக்கணும்?" என்று கேட்டாள். ஏழாம் மாதத்திலிருந்து அவளுக்கு பி.பி. ஏறிக்கொண்டே இருந்தது. அவள் மூன்று வேளைக்குப் பதில் ஆறு வேளை சாப்பிட்டிருந்தாலும் அந்தக் குழந்தை அந்த எடையில்தான் பிறந்திருக்கும். இதை அங்கே நின்றவர்களுக்குப் புரியவைக்க எனக்கு அன்று நேரமில்லை, அடுத்த பிரசவம் காத்திருந்தது.

உங்கள் கட்டுரை குழப்பிய முதல் இடம் இதுதான். எடை குறைவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குழந்தை 37 வாரம் நிறைவதற்குள் வந்துவிடுவது. இன்னொன்று, மாதம் நிறைந்தும் உள்ளே சரியாக வளராமல் போவது. சில குழந்தைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், அவர்கள் நிலைமைதான் மோசம். ஒரு காலத்தில் இரண்டரை கிலோவுக்கு எட்டாத எல்லாக் குழந்தையையும் குறைமாதக் கணக்கிலேயே எழுதினார்கள், 1961-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டையும் பிரித்தது. காரணம் வேறு, பிறகு பார்க்கிற பார்வையும் வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். பெற்றோர் இருவருமே சின்ன உடல்வாகு என்றால் 2,400 கிராமில் பிறந்து நன்றாகவே இருக்கிற குழந்தையும் உண்டு, அதை வைத்து யாரும் பயப்பட வேண்டியதில்லை.

2020-ல் உலகம் முழுக்க 1 கோடியே 98 லட்சம் குழந்தைகள், அதாவது பிறந்ததில் 14.7 சதவீதம், எடை குறைந்து பிறந்ததாக யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து மதிப்பிட்டிருக்கின்றன. 2012-ல் அது 15 சதவீதம். 2025-க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்று இலக்கு வைத்துவிட்டு எட்டு வருடத்தில் நகர்ந்தது இவ்வளவுதான். பெண்களுக்கு அறிவுரை சொன்னால் போதும் என்றால் இந்நேரம் குறைந்திருக்க வேண்டாமா, அறிவுரைக்கு எந்த நாட்டிலும் பஞ்சமே கிடையாதே.

சரி, கர்ப்பத்துக்கு முன்பே முடிவாகிறது என்று சொன்னேன் இல்லையா, அதற்கு வருகிறேன். தாயின் உயரம் ஒரு காரணி. 145 செ.மீ.க்குக் குறைவான பெண்களுக்குச் சிறிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு அதிகம், அந்த உயரமோ அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிடைத்த, கிடைக்காத சோற்றின் கணக்கு. அவளே என்ன எடையில் பிறந்தாள் என்பதும் சேரும். எடை குறைந்து பிறந்த பெண்ணுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் இந்த விஷயத்தில் பாட்டியின் கர்ப்பகாலமும் கணக்கில் வருகிறது. இதை எந்தக் கட்டத்தில் யார் தவறு என்று போடுவீர்கள்?

கர்ப்பமாகும்போது இருக்கிற எடை இன்னும் முக்கியம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருந்தால் மெலிவு என்கிறார்கள். 155 செ.மீ. உயரமும் 44 கிலோவும் உள்ள பெண்ணுக்குக் கணக்குப் போட்டால் 18.3 வரும், பார்வைக்கு 'ஸ்லிம்'மாக இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்லிவிட்டுப் போவார்கள். அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' 2009-ல் சொன்ன அளவுப்படி இப்படி மெலிந்தவர்கள் கர்ப்பத்தில் 12.5 முதல் 18 கிலோ வரையும், சராசரி எடை உள்ளவர்கள் 11.5 முதல் 16 வரையும் கூட வேண்டும். அமெரிக்கப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு அது, அப்படியே எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் மெலிந்தவள்தான் அதிகம் ஏற வேண்டும் என்கிற விஷயம் எங்கும் பொருந்தும். இதற்கு நேர்மாறாக, குழந்தை பெரிதாகிவிட்டால் பிரசவம் கஷ்டம், கொஞ்சமாகச் சாப்பிடு என்று சொல்கிற வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், கேட்டு நடப்பவள் இவள், கடைசியில் பழியும் இவளுக்கே.

வயதும் உண்டு. இருபதைத் தொடாத பெண்ணுக்கு உடம்பே இன்னும் வளர்ந்து முடிந்திருக்காது, உள்ளே வளர்வதோடு போட்டி போடும். 35-க்கு மேல் பி.பி., சர்க்கரை எல்லாம் கூட வருகின்றன. ஒரு குழந்தை பிறந்தபின் அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாதம் இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த மூன்றிலும் எத்தனை பெண்கள் தானாக முடிவெடுக்க முடிகிறது என்று கட்டுரை எழுதியவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு சம்பவங்கள் நினைவுக்கு வரும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு ஜெர்மானியப் படைகள் உணவு போகாமல் தடுத்ததில் ரேஷன் நாளுக்கு 400 முதல் 800 கலோரி வரை இறங்கிவிட்டது. அந்த நேரத்தில் கடைசி மூன்று மாதக் கர்ப்பத்தில் இருந்தவர்களின் குழந்தைகள் சராசரியாகச் சுமார் 300 கிராம் குறைந்து பிறந்தன. முதல் மூன்று மாதத்தில் மட்டும் பஞ்சத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நன்றாகச் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் எடையில் குறையவில்லை, ஆனால் வளர்ந்து நடுவயது வந்தபோது அவர்களிடையே இதய நோய் அதிகம் தென்பட்டது. எடை சரியாக இருந்தாலே எல்லாம் சரி என்று அர்த்தமில்லை என்பது இதிலிருந்துதான் எனக்குப் புரிந்தது. இன்னொன்று காம்பியாவில் நடந்த ஆய்வு, 1997-ல் வெளியானது. கர்ப்பத்தின் பிற்பாதியில் தினமும் ஆயிரம் கலோரி அளவுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். வயலில் வேலை உச்சத்திலும் வீட்டில் தானியம் காலியாகவும் இருக்கிற மாதங்களில் பிறந்த குழந்தைகளுக்குச் சராசரியாக 201 கிராம் கூடியது, அறுவடை முடிந்த மாதங்களில் 94 கிராம்தான். பசியில் இருந்தவளுக்குக் கொடுத்தால்தான் பலன் பெரிதாகத் தெரிகிறது. அதனால் வயிறார உண்கிற வீட்டில் டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் வாங்கிக் கரைத்துக் கொடுப்பவர்கள் காசை மிச்சப்படுத்தலாம். அதிகப் புரோட்டீன் சப்ளிமென்ட்டை கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவே இல்லை.

அடுத்து மாத்திரை. 'இரும்புச்சத்து மாத்திரையை அலட்சியம் செய்வது' என்று எழுதியிருந்தீர்கள். கர்ப்பிணிகளில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்த சோகை, உலகக் கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் இது இருக்கிறது. தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் என்பது பரிந்துரை. கொடுக்கிறோம், வாங்கிப் போகிறார்கள். பாதிப் பேருக்கு அது தலையணைக்கடியில்தான் இருக்கும், எனக்கும் தெரியும். ஏன் என்று உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்: குமட்டுகிறது, மலம் கட்டிக்கொள்கிறது, கறுப்பாகப் போகிறது, ரத்தம் போகிறதோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். கறுப்பாகத்தான் போகும், பயப்படாதே என்று மாத்திரை கொடுத்த அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயந்து நிறுத்தியிருக்க மாட்டாள். வெறும் வயிற்றில் முடியவில்லையா, சாப்பாட்டுக்குப் பிறகோ படுக்கப் போகும்போதோ போடு, டீ காபியோடு மட்டும் வேண்டாம் என்று சொல்ல அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் அவளுக்குக் கிடைக்காததை அலட்சியம் என்று எழுதுவது நியாயமா? கூட்டம் அதிகம் என்பார்கள். ஆமாம், அதிகம்தான். அதையும் கட்டத்துக்குள் எழுதுங்கள்.

உங்கள் கட்டுரையில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது பி.பி.க்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியது. குழந்தைக்கு வேண்டியதெல்லாம் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போக வேண்டும். கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பைச் சுவரின் சிறு ரத்தக் குழாய்கள் விரிந்து அகலமாக வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. அப்போது நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது, குழந்தை வளராது, 20 வாரத்துக்குப் பின் தாய்க்கு 140/90-க்கு மேல் பி.பி. ஏறி சிறுநீரில் புரதம் போக ஆரம்பிக்கும். அவள் என்ன சாப்பிட்டாள் என்பதற்கும் அந்தக் குழாய் விரியாததற்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டியும் வரும், ஆக எடை இரண்டு வழியிலும் அடிபடும். முன்பே பி.பி. உள்ளவர்கள், போன கர்ப்பத்தில் இப்படி ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டால், குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்று பார்த்து ஆரம்பிப்பார்கள். உணவில் கால்சியம் குறைவான இடங்களில் கால்சியமும் உதவும். தாங்களாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது, இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது என்றால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். இந்த இரண்டு வாக்கியத்துக்கு உங்கள் கட்டத்தில் இடமிருந்தது.

தொற்றுகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிறுநீர்த் தொற்று எரிச்சலே இல்லாமலும் இருக்கும், பரிசோதித்தால்தான் தெரியும். சிஃபிலிஸ் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பென்சிலினில் குணமாகும். மலேரியா உள்ள பகுதிகளில் அது நஞ்சுக்கொடியிலேயே போய்க் குடியேறும், முதல் கர்ப்பத்தில் அதிகம் பாதிக்கும். ஈறு நோயையும் சொல்கிறார்கள், தொடர்பு இருப்பது உண்மை, ஆனால் கர்ப்பத்தில் ஈறுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் குறைப்பிரசவம் குறையவில்லை. பல்லைப் பார்த்துக்கொள்வது நல்லதுதான், அதற்காக இதில் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

புகைக்கு வருகிறேன். 'கர்ப்பிணிகள் புகைபிடிக்கக் கூடாது' என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். புகைக்கும் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 200 கிராம் குறைவு என்பது பழைய செய்தி, 1957-லேயே வினியா சிம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் புகைக்கும் பெண்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று எழுதிவிட்டார். 1971-ல் யெருஷால்மி என்ற ஆய்வாளர் ஒரு விநோதத்தைக் கண்டார். எடை குறைந்த குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் புகைத்த தாய்மாரின் குழந்தைகள் அதிகம் பிழைத்தன. புகை நல்லது என்று சிலர் கொண்டாடியிருக்கலாம். விஷயம் என்னவென்றால், புகைக்காத பெண்ணுக்கு அவ்வளவு சிறிய குழந்தை பிறந்தால் அதற்குப் பின்னால் பிறவிக் குறைபாடு போன்ற மோசமான காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். எடையைப் பார்ப்பதைவிட அது ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். நல்ல செய்தியும் உண்டு: நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், 15 வாரத்துக்குள் சிகரெட்டை விட்டவர்களுக்கும் புகைக்கவே செய்யாதவர்களுக்கும் குழந்தையின் வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. வாயில் அடக்கும் புகையிலையும் இதே கணக்குதான், புகை வராததால் தப்பு இல்லை என்று நினைக்கிறார்கள்.

ஆனால் சிகரெட்டைத் தொடவே தொடாத எத்தனையோ பெண்களின் வீட்டில் புகைப்பவர் வேறொருவர். அடுத்தவர் விடும் புகையும் குழந்தையின் எடையில் 30, 40 கிராம் வரை குறைக்கிறது. வராந்தாவில் நின்று பிடிக்கிறேன், ஜன்னல் திறந்துதானே இருக்கிறது என்பார்கள். பிரசவத்துக்குக் கூட வந்து வெளியே சிகரெட்டும் கையுமாக நடந்துகொண்டு, எடையைக் கேட்டதும் உள்ளே வந்து அவளை முறைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலையையும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் நின்றபடி வேலை, கனம் தூக்குவது, இரவு ஷிப்ட் இவற்றுக்குத் தொடர்பு உண்டு, பெரிய அளவில் இல்லை என்றாலும் உண்டு. ஓய்வெடு என்று அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது, சம்பளம் வெட்டாமல் நாற்காலி போட்டுக் கொடுப்பவரிடம் அல்லவா சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கும் கர்ப்பிணிகளுக்கும், மன அழுத்தத்தில் இருப்பவர்களுக்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பது அதிகம். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகக் கேட்டால்தான் இது வெளியே வரும், அப்படிக் கேட்கிற வழக்கம் பல இடங்களில் கிடையாது.

செக்கப் விஷயத்தில் ஒரு திருத்தம். கர்ப்பகாலத்தில் நான்கு முறை போதும் என்று எழுதியிருக்கிறீர்கள், 2016-லிருந்து உலக சுகாதார நிறுவனம் எட்டு என்கிறது. முதல் முறை 12 வாரத்துக்குள். அன்று கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கியமானது, முந்தைய குழந்தை என்ன எடை என்பது, ஒரு முறை குறைந்திருந்தால் மறுபடியும் குறையும் வாய்ப்பு அதிகம். ஆரம்பத்திலேயே ஸ்கேனில் நாள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளாவிட்டால் பிறகு குழந்தை சிறியதா, தேதிதான் தப்பா என்று தெரியாமல் முழிக்க வேண்டும். 24 வாரத்துக்குப் பிறகு ஒரு சாதாரண இன்ச் டேப்பை வைத்து அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை அளந்தால் செ.மீ. எண் ஏறக்குறைய வார எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும். மூன்று செ.மீ. பின்தங்கினால் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். டேப்பை எடுக்காமலே 'நார்மல்' என்று அட்டையில் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன், அதைத் தாயின் அலட்சியம் என்று எப்படிச் சொல்ல?

குழந்தை சிறியதாகவே பிறந்துவிட்டது என்றால் என்ன செய்வது என்று உங்கள் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு கட்டி வைக்க ஆரம்பித்தார், இன்று கங்காரு பராமரிப்பு என்று அதற்குப் பெயர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது முதல் 28 நாள் இறப்பு கால்வாசி குறைந்தது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இன்னும் அதிகமாக வைத்திருக்க வேண்டும். தாய் ஒருத்தியால் முடியாதபோது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரலாம், தாராளமாக.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். செக்கப் எண்ணிக்கைக்குத் திருத்தம் போடுங்கள். அடுத்து இதே பக்கத்தில் அப்பாக்களுக்கும் வீட்டாருக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் என்று ஒரு கட்டுரை வரட்டும், எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே எழுதி அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பிரசவ வார்டு செவிலியர்